கடலுக்கு முதுகு காட்டிய ஆமைகள்

சென்னையில் இறங்கிய அன்றே ஒரு நல்ல மனுஷியிடம் கத்திவிட்டேன். கத்தாமல் இருந்திருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

நான் மலேசியாவில் கிள்ளான்காரி. இருபத்தெட்டு வருஷமாகச் சுவரில் படம் பதிக்கிறேன். களிமண்ணைத் தட்டி, வெட்டி, கண்ணாடி மெருகு பூசி, சூளையில் சுட்டு, அந்த ஓட்டுத் துண்டுகளைச் சேர்த்து மரம், மீன், பறவை என்று செய்வது என் பிழைப்பு. கோயில் மதில், பள்ளிக்கூடம், ஒரு பல் டாக்டரின் காத்திருக்கும் அறை என்று பல இடங்களில் செய்திருக்கிறேன். மயிலாப்பூர் ஜெயா டீச்சர் கோலாலம்பூரில் மகனைப் பார்க்க வந்தபோது அந்தப் பல் டாக்டரிடம் போயிருக்கிறார். வீங்கின கன்னத்தோடு ஒரு மணி நேரம் என் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அப்படித்தான் என்னைக் கூப்பிட்டார்.

டீச்சர் ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியை. மாசி, பங்குனி மாதங்களில் விடியற்காலையில் கடற்கரையோரமாக நடந்து ஆமை முட்டையிட்ட குழிகளைத் தேடுகிற கூட்டத்தில் ஒருவர். நொச்சிக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குப்பம், பெயர் வேண்டாம். அங்கே வலை வைக்கும் கூடத்தின் சுவரில் ஆமைக் குஞ்சுகள் கடலுக்குப் போகிற மாதிரி ஒரு படம் பதிக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

வீட்டுக்குள் நுழைந்ததும் பொங்கலும் கொத்சும் வைத்தார். “ஆத்துல யாரும் இல்லை, கூச்சப்படாம சாப்பிடுங்கோ” என்றார். கூச்சப்படவில்லை. மூன்று தடவை வாங்கினேன். காப்பி எங்கள் ஊர் கோப்பியை விட நன்றாகவே இருந்தது. ஆனால் தம்ளர், கண் கழுவுகிற அளவுக்குத்தான் இருந்தது. கிள்ளானில் இப்படி ஊற்றிக் கொடுத்தால் கடைக்காரரிடம் மீதி எங்கே என்று கேட்பார்கள்.

படத்தைச் சொன்னார். வெறும் மணல், இருநூறு குஞ்சுகள். கடல் கிடையாது. “சுவர் முடியற இடத்துல நிஜக் கடல் இருக்கு. அதை நான் எதுக்கு வரையணும்?” என்றார். பெரிய ஆமை ஒன்று வைக்கலாமே என்று கேட்டேன். கூடாது என்றார். தாய் ஆமை முட்டையிட்டு மூடியதும் போய்விடும், குஞ்சுகளைப் பார்க்கவே பார்க்காது, அவை தாமாகத்தான் வெளியே வந்து தாமாகத்தான் போக வேண்டும் என்று விளக்கினார். எனக்குப் பிடித்திருந்தது. அதை நான் சொல்லவில்லை.

பிறகு, சுருட்டி வைத்திருந்த படத்தின் பிரிண்டைக் கையில் கொடுத்துவிட்டு, எனக்கு என் தொழிலைச் சொல்லித்தர ஆரம்பித்தார்.

இதை வாசிப்பவர்களுக்கும் அது தெரிய வேண்டும். பெரிய சுவரில் ஏணி மேல் நின்று ஒவ்வொரு துண்டாக ஒட்டிக்கொண்டிருக்க முடியாது. பட்டறையில் பழுப்புக் காகிதத்தை விரித்து, படத்தை வரைந்து, துண்டுகளை முகம் கீழே பார்க்கும்படி மைதாப் பசையில் ஒட்டுவோம். காகிதத்தை ஓரடிச் சதுரங்களாக அறுத்து, எண் போட்டு, சுவருக்குக் கொண்டுபோய்ச் சிமெண்டில் அப்படியே அப்புவோம். துண்டின் முதுகு சுவருக்குள் போகும், காகிதம் வெளியே இருக்கும். நனைத்து உரித்தால் படம் தெரியும். ஆனால் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாக மாறித் தெரியும். அதனால் படத்தை முதலிலேயே புரட்டி வரைந்துகொள்ள வேண்டும். தொழிலில் முதல் நாள் பாடம் இது.

டீச்சர் இதையெல்லாம் எங்கேயோ படித்திருக்கிறார். “புரட்டிப் போடணுமாமே, அதனால இந்தப் பிரிண்டை நான்...” என்று ஆரம்பித்தார். எனக்கு விமானத்தில் தூக்கம் இல்லை. “டீச்சர், ஆமையைப் பத்தி நீங்க சொல்லுங்க. ஓட்டைப் பத்தி என்கிட்ட பேசாதீங்க” என்று கத்தினேன். அவர் வாயை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் சுவரில் ஏற்றும் நாள் வரை, இரண்டு வாரமும் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

மறுநாள் சுவரைப் பார்க்கப் போனோம். மயிலாப்பூரில் மெட்ரோவுக்காகத் தோண்டாத தெரு எது என்று எனக்குத் தெரியவில்லை. ஆட்டோக்காரர் ஒரு சந்தில் நுழைந்து, அடைத்திருக்கிறது என்று திரும்பி, அடுத்த சந்தில் நுழைந்து, அங்கேயும் அடைத்திருக்க, வண்டியை நிறுத்திவிட்டு, இங்கேயிருந்து நடந்தால் சீக்கிரம் போகலாம் என்றார். நடந்தோம். உண்மையிலேயே சீக்கிரம் போய்விட்டோம். அதுவே எரிச்சலாக இருந்தது.

சுவருக்கு முன்னால் நின்றால் வலது கைப் பக்கம் கடல். இடது கைப் பக்கம் குப்பத்தின் முதல் வீடு. அந்த வீட்டுக்காரி கஸ்தூரி, சுவரடியில் பலகை போட்டு மீன் விற்பவள். நாற்பது வயது இருக்கும். வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவள் புருஷன் தேசிங்கு அன்று கடலுக்குப் போகவில்லை. அளவு எடுக்க டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். அவன் கடல் பக்கம், நான் வீட்டுப் பக்கம். “அக்கா, இன்னும் கொஞ்சம் வுட்டேன்னா டேப்பு மலேசியாவுக்கே வந்துடும்” என்றான். கஸ்தூரி, “அப்டியே புடிச்சிக்கினு நீயும் போய்டு” என்றாள். அவளே வறுத்த நெத்திலியை ஒரு காகிதத்தில் வைத்துக் கொடுத்தாள். இவ்வளவு நல்ல நெத்திலியை நான் கிள்ளானில் தின்றதில்லை, துறைமுகத்து ஊரில் பிறந்தும்.

வேலை ஈக்காட்டுத்தாங்கலில். ஒரு பக்கம் லேத் பட்டறை, இன்னொரு பக்கம் அட்டைப்பெட்டி செய்யும் இடம், நடுவில் டீச்சருக்குத் தெரிந்தவரின் ஷெட். உள்ளே ஒரு மின்சாரச் சூளை. எனக்குத் துணையாக ஏழுமலை மேஸ்திரி. என் வயசுக்காரர். வாய் ஓயாது, கையும் ஓயாது. முதல் நாளே பிரிண்டை எடுத்துக் கண்ணாடிக் கதவில் ஒட்டி, அதைப் புரட்டி, பின்பக்கமாகக் காகிதத்தில் நகலெடுத்தேன். வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தேன். பிரிண்டில் குஞ்சுகள் இடது பக்கம் பார்த்திருந்தன. சுவரில் கடல் வலது பக்கம் என்பது எனக்குத் தெரியும். ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. டீச்சரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஒவ்வொரு குஞ்சும் ஆறு துண்டு. ஓடு ஒன்று, துடுப்பு நான்கு, தலை ஒன்று. கரும்பழுப்பு மெருகு. மணலுக்குச் சந்தன நிற ஓடுகளை உடைத்த சில்லுகள். அச்சு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றையும் கையால் வெட்டியதால் ஒன்று போல இன்னொன்று இருக்காது. ஏழுமலை ஒன்றுக்குத் தன் மச்சானின் முகம் வந்துவிட்டது என்று அதைத் தனியாக எடுத்து வைத்தார்.

நான் செய்த மெருகு இந்த ஊர் மண்ணோடு சரியாக ஒத்துப்போகவில்லை. சூளை ஆறிய பிறகும் மெருகில் மயிரிழை விரிசல் விட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு விரிசலுக்கும் ‘டிக்’ என்று ஒரு சத்தம். இது பல நாள் நடக்கும். ஓட்டுக்குக் கெடுதல் இல்லை, பார்க்கவும் ஆமை ஓடு போலவே இருந்தது. ஆனால் மதியம் லேத் நின்று எல்லோரும் சாப்பிடப் போனதும் ஷெட் அமைதியாகும். அப்போது மேசையெல்லாம் டிக், டிக் என்று கேட்கும். இங்கே ஒன்று, அங்கே ஒன்று. எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தை வெளியே கொண்டுபோய்ச் சாப்பிட ஆரம்பித்தேன். காரணம் கேட்டவர்களிடம் வெக்கை என்றேன்.

அட்டைப்பெட்டிக் கடையில் பிரதான் என்று ஒரு ஒடிசாக்காரர். குறுக்கு வழியாக எங்கள் ஷெட்டுக்குள் நுழைந்து போவது அவர் பழக்கம். தரையிலும் மேசையிலும் காகிதங்கள் நிறைந்த அன்று வாசலில் நின்றவர் உள்ளே வரவில்லை. போனில் இந்தியில் ஏதோ பேசிக்கொண்டே சுற்றிப் போனார். என்ன சொல்கிறார் என்று இந்தி தெரிந்த ஏழுமலையைக் கேட்டேன். “கூட்டாளிகிட்ட சொல்றான். ஆமையெல்லாம் கவுந்து கெடக்குது, நான் தாண்டிப் போமாட்டேன்றான்.” எனக்குக் கோபம் வந்தது. ஓட்டுத் துண்டுகள் முகம் குப்புற இருக்கின்றன, அவ்வளவுதான் என்று கத்தினேன். ஆனால் அவர் சொன்ன பிறகு அந்தக் காகிதங்களை நானும் தாண்டவில்லை. சுற்றியே போனேன்.

பழுப்புக் காகிதம் தீர்ந்துவிட்டது என்று தி. நகர் போனேன். அங்கே நடக்கத் தெரிய வேண்டியதில்லை, கூட்டம் கொண்டுபோகும். நான் காகிதக் கடையைக் கடந்து, இரண்டு பாத்திரக் கடையைக் கடந்து, ஒரு ஜவுளிக் கடைக்குள் தள்ளப்பட்டு வெளியே வந்தேன். திரும்பும்போது பேருந்து பாலத்தின் மேல் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும் என்றார் ஓட்டுநர். பேருந்தைத் தள்ளுவதா என்று நான் உட்கார்ந்தே இருந்தேன். “இன்னா மேடம், வூட்ல சொல்லி அனுப்பிச்சாங்களா, தள்ளக் கூடாதுன்னு?” என்று ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள். இறங்கித் தள்ளினேன். கிள்ளானில் பேருந்து நின்றால் எல்லோரும் போனை எடுத்து முறையிடுவோம். இங்கே தள்ளுகிறார்கள். எது மேல் என்று இன்னும் தெரியவில்லை.

வேலை முடிகிற வாரத்தில் டீச்சர் விடியற்காலையில் அடையாறு முகத்துவாரத்துப் பக்கம் நடக்கக் கூட்டிப்போனார். நிஜக் குஞ்சு ஒன்றையாவது காட்டுகிறேன் என்றார். குஞ்சு எதுவும் இல்லை. செத்த ஆமைகள் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு பாத்திரம் கழுவும் தொட்டி அளவு. கண் பிதுங்கி, கழுத்து ஊதி, எல்லாமே தலை கரையைப் பார்த்து. இழுவை வலையில் மாட்டினால் மூச்சு முட்டிச் செத்துவிடும் என்றார். மறுபடி எண்ணிவிடாமல் இருக்கக் கணக்கெடுக்கிறவர்கள் யாரோ ஓட்டில் பெயிண்ட் அடித்திருந்தார்கள். காற்று இல்லை. அலை ஒரு ஆமையைத் தூக்கி, கொஞ்சம் முன்னால் நகர்த்தி, திரும்ப வைத்தது. ஒரு கணம் அது நடந்தது போலவே இருந்தது.   அன்று காலை அவர் வைத்த இட்லியை ஏழுமலைக்குக் கட்டிக்கொண்டு போனேன்.

சுவரில் ஏற்றும் நாள் வந்தது. காகிதச் சதுரங்களைப் பலகைகளில் அடுக்கி, சாக்குப் போட்டுக் கட்டி, குட்டியானை என்கிற சின்ன லாரியில் ஏற்றினோம். மெதுவாகப் போ, குலுங்கவே கூடாது என்று பத்துத் தடவை சொன்னேன். “உள்ள இன்னாமா கீது? இப்டி பயப்படற. பொணமா?” என்றார் வண்டிக்காரர். ஆமை என்றேன். “அதுக்குப் பொணமே தேவலாம்” என்றவர், உண்மையாகவே முகம் மாறி, பின்னால் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினார். ராயப்பேட்டையில் ஒரு பள்ளத்தில் இறங்கியபோது மட்டும் சாமி பெயர் சொன்னார்.

குப்பத்தில் அன்று மீன் வாசம் இருந்தது, வியாபாரம் இல்லை. கஸ்தூரியின் பலகை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. தேசிங்கும் வேறு இரண்டு பேரும் முந்தின நாள் விடியலுக்கு முன் போனவர்கள், மதியத்துக்குள் வந்திருக்க வேண்டும், வரவில்லை. போன் போகவில்லை. நான்கு படகுகள் தேடப் போயிருந்தன. கஸ்தூரி கடலைப் பார்த்து நின்றாள். வேலையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோமா என்று கேட்டேன். “நீ உன் வேலையப் பாருக்கா. அவரு வர சொல்லோ சுவரு நல்லா இருக்கட்டும்” என்றாள்.

காலை முழுதும் ஏற்றினோம். எண்கள் எல்லாம் வெளியே தெரிய, சுவர் முழுக்கப் பழுப்புக் காகிதம். ஒரு மணி நேரம் காத்திருந்து பஞ்சால் நனைத்தோம். ஏழுமலை வீட்டுப் பக்கத்து மூலையில் பிடித்து உரித்தார். ஈரக் காகிதம் தோல் உரிவது போலச் சத்தமில்லாமல் வந்தது. முதல் குஞ்சு தெரிந்தது. ஈரத்தில் உயிர் போலப் பளபளத்தது. அடுத்தது. அடுத்தது.

“இன்னாமா,” என்றார் ஏழுமலை. குரலே மாறிவிட்டது. “தல வூட்டுப் பக்கம் கீது?”

நான் ஓடிப்போய் நடுவில் ஒன்றை உரித்தேன். கடல் பக்கத்து ஓரத்தில் ஒன்றை உரித்தேன். எல்லாம் ஒரே பக்கம். இருநூறு குஞ்சுகளும் கடலுக்கு முதுகு காட்டி, குப்பத்து வீடுகளைப் பார்த்து வந்துகொண்டிருந்தன. முதலில் வந்தது கஸ்தூரி வீட்டு வாசலுக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது.

டீச்சர் எனக்குப் பின்னால் நின்றார். பிரிண்டை அவர் முன்பே புரட்டித்தான் கொடுத்திருக்கிறார். நான் மறுபடி புரட்டிவிட்டேன். “நான் சொன்னேனே” என்று அவர் சொல்லவில்லை. “நான் சத்தமா சொல்லிண்டே இருந்திருக்கணும்” என்றார். சொன்னதுதான் என்னை அதிகம் சுட்டது.

நான் ஓடியதைப் பார்த்து ஆட்கள் வந்தார்கள்.  ஆமை வீட்டுப் பக்கம் வந்தால் ஆகாது என்ற நம்பிக்கை கிள்ளானிலும் உண்டு. கடலை நம்பிப் பிழைக்கிற இடத்தில், மூன்று பேர் திரும்பாத நாளில் அது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஊர்த் தலைவர் பக்கிரி என்னைப் பார்க்காமல் டீச்சரிடம் பேசினார். “ஒண்ணே ஒண்ணு தானேமா சொன்னோம். கடலுக்குப் போற மாரி வெய்யி, ஒண்ணு கூட இப்டிப் பாக்க வேணாம்னு. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடுங்க.”

எடுக்கத்தான் நானும் நினைத்தேன். சிமெண்டு இன்னும் பச்சை. சாயங்காலத்துக்குள் பெயர்த்தால் துண்டுகள் முழுசாக வரும். கழுவித் திரும்பப் பதிக்கலாம். விடிந்துவிட்டால் சிமெண்டு கடித்துக்கொள்ளும், உடைக்காமல் வராது. கரண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கத்து மூலைக்குப் போனேன்.

கஸ்தூரி அங்கே உட்கார்ந்துவிட்டாள். சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி.

“எய்ந்திரு கஸ்தூரி” என்றார் பக்கிரி.

“மாட்டேன் மாமா. எல்லாம் கரைக்கு வர்ற மாரி தானே கீது? வரட்டும். அவரு வந்தப்புறம் இன்னா வேணா பண்ணுங்க. அதுக்கு முன்ன எவனாச்சும் கைய வெச்சீங்க, நானு மனுஷியா இருக்க மாட்டேன்.”

யாரும் அவளைத் தூக்கவில்லை.  பக்கிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடல் பக்கம் போனார். கூட்டமும் மெல்லக் கலைந்தது. நான் கரண்டியோடு நின்றேன். என் தப்பு சுவரில் இறுகிக்கொண்டிருந்தது, மணிக்கு மணி. அவளைத் திட்ட வாய் வந்தது. திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வெயில் இறங்கிச் சுவர் ஆறத் தொடங்கியது. டிக் என்றது. கொஞ்சம் தள்ளி இன்னொரு டிக். அவள் தலையைச் சுவரில் வைத்துக் கேட்டாள். “நடக்குதுக்கா” என்றாள்.

மெருகு விரிசல் விடுகிற சத்தம், வெயில் தணிந்தால் அப்படித்தான், வேறு ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

“சரி. எந்தப் பக்கம் நடக்குது, அத்த சொல்லு.”

நானும் காதைச் சுவரில் வைத்தேன்.

இரவு என்னை டீச்சர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காலையில் வந்தபோது கஸ்தூரி அதே இடத்தில் இருந்தாள். சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். கல்லாகிவிட்டது. அன்றும் படகு வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் கஞ்சி கொண்டுவந்தாள், கஸ்தூரி குடித்தாள். எனக்கும் ஒரு சொம்பு வந்தது, கருவாடு தொட்டுக்கொண்டேன். அவள் தேசிங்கைப் பற்றிப் பேசினாள். குறட்டை விடுவான், சினிமா டிக்கெட் வாங்கித் தொலைத்துவிடுவான், நண்டு என்றால் உடம்பெல்லாம் தடிப்பு வரும். கடற்காரனுக்கு நண்டு ஒத்துக்காது என்றால் ஊரே சிரிக்காதா என்றாள். எல்லாவற்றையும் இருக்கிறவனைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசினாள். பேச்சு நிற்கும்போதெல்லாம் எங்கள் முதுகுக்குப் பின்னால் சுவர் ‘டிக்’ என்றது.

மூன்றாம் நாள் முற்பகலில் வடக்கேயிருந்து வந்த வேறு ஊர்ப் படகு ஒன்று இரண்டு பேரைக் கொண்டுவந்து இறக்கியது. உதடு வெடித்திருந்தது, நிற்க முடியவில்லை. தேசிங்கு இல்லை. முதல் நாளே இன்ஜின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டதாம். அறுக்க இறங்கினவன் மேலே வரவில்லையாம். இரண்டு பேரும் குதித்துத் தேடினார்களாம். அப்புறம் படகு தானாக மிதந்துகொண்டு போயிருக்கிறது. பக்கிரி இதைக் கேட்டுக்கொண்டு வந்து, கஸ்தூரி முன்னால் குந்தி, அவள் காதில் விழுகிற அளவுக்கு மட்டும் சொன்னார். மற்றப் பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். அவள் அழவில்லை.

எழுந்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவள் முதுகு என் பக்கம் இருந்தது.

துண்டுகளுக்கு நடுவே நான் இன்னும் சந்து அடைக்கவில்லை. விளிம்பெல்லாம் கூர். மூன்று நாள் சாய்ந்திருந்ததில், ரவிக்கைக்கு மேலே தெரிந்த முதுகிலும் கழுத்தடியிலும் சிவப்பாக அச்சு விழுந்திருந்தது. ஓடு, துடுப்பு, தலை, எல்லாம் தெளிவாக. மூன்று குஞ்சுகள். அச்சில் இடம் வலம் மாறும். அவள் முதுகில் அவை சரியான பக்கம் பார்த்திருந்தன. மூன்றும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன. பார்த்தவள் நான் மட்டும்தான் என்று நினைத்தேன். டீச்சர் என் கையைப் பிடித்தார். 

“அக்கா, இப்போ திருப்பு” என்றாள் கஸ்தூரி.

“இப்ப வராது கஸ்தூரி. உடையும்.”

“ஒடையட்டும். திருப்பு. அவரு அங்க ஒண்டியா கீறாரு.”

ஊருக்குத் திரும்பும் நாளைத் தள்ளிப்போட்டேன். ஒன்பது நாள் ஆயிற்று. உளியும் சுத்தியலும் வைத்து ஒவ்வொன்றாகப் பெயர்த்தோம். முழுசாக வந்தது கொஞ்சம், மற்றதெல்லாம் இரண்டாக, நான்காக உடைந்து வந்தது. கஸ்தூரி மீன் கூடையில் சில்லுகளைப் பொறுக்கினாள். எந்தச் சில்லு எந்தக் குஞ்சுடையது என்பது அவளுக்கு எங்களை விட நன்றாகத் தெரிந்தது. டீச்சர் சாக்பீஸால் சுவரில் கோடு போட்டார். இந்த முறை நேராகச் சுவரில்தான் ஒட்டினோம். புரட்டுகிற வேலையே இல்லை. ஒவ்வொன்றையும் வைக்கும் முன் நான் டீச்சரைக் கேட்டேன், சரியா என்று. சரி என்று அவர் சொன்ன பிறகுதான் வைத்தேன். உடைந்து ஒட்டியவை முன்னைவிட நொண்டின. ஆனால் கடலைப் பார்த்து நொண்டின.

வீட்டுப் பக்கம், தரையோடு ஒட்டி ஒன்று மட்டும் பெயர்ந்து வரவில்லை, இன்னும் வீட்டைப் பார்த்தபடி இருந்தது. அவள் சாய்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே. அந்த இடத்தில் சிமெண்டு கூடுதலாகப் போயிருந்தது. ஏழுமலை அடித்துப் பார்த்தார், நான் அடித்துப் பார்த்தேன், உளி முனைதான் மழுங்கியது. தொழில்காரிக்கு அது கண்ணில் விழுந்த தூசி மாதிரி. பெரிய உளியைக் கொண்டுவரச் சொன்னேன்.

கஸ்தூரி கூடையைக் கீழே வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வுடுக்கா. வழி தெரியாதது ஒண்ணு இருக்காதா?”